ஒழித்தார்களா? ஒளித்தார்களா?

அமெரிக்க நாட்டிலே பால்டிமோர் என்றொரு துறைமுகப் பட்டினம் உண்டு. 1830-ஆம் ஆண்டை ஒட்டிய காலம். அந்தப் பட்டினத்திலே, பன்னிரண்டு பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

பெயர் பிரெடரிக். நிறம் கறுப்பு. நிலை அடிமை!

அடிமைக்கு எழுத்து ஆகாது என்பது அந்த நாட்டு எசமானர்கள் வகுத்த விதி. வீட்டு எசமானி முதலில் இரக்கப்பட்டு நாலெழுத்துச் சொல்லிக் கொடுத்தாள். எசமான் கண்டான், சீறினான், தடுத்தான். எழுத்தறிந்தவன் அடிமையாக இருக்கமாட்டான் என்று காரணமும் சொன்னான். சிறுவன் அதைக் கேட்டான். பூட்டிய கதவுக்குச் சாவி எது என்பதை எசமானே காட்டிக் கொடுத்துவிட்டான் என்று உணர்ந்தான். தெருவிலே திரியும் ஏழை வெள்ளைப் பிள்ளைகளுக்கு ரொட்டித் துண்டைக் கொடுத்தான். பதிலுக்கு எழுத்தைப் பெற்றான். பூட்ஸ் துடைத்துச் சேர்த்த ஐம்பது சென்ட் காசிலே, மேடைப் பேச்சுகள் அடங்கிய புத்தகம் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு படித்தான்.

அவன் காதிலே ஒரு சொல் அடிக்கடி விழுந்தது. 'அபாலிஷன்' என்பது அந்தச் சொல். எங்கேனும் ஓர் அடிமை தப்பியோடினால், எங்கேனும் ஒரு களஞ்சியம் தீப்பற்றினால், எங்கேனும் ஓர் எசமான் கொல்லப்பட்டால், எல்லாம் இந்த அபாலிஷன் விளைத்த விளைவு என்று எசமானர்கள் கூடி ஏசினார்கள். அவர்கள் இவ்வளவு அஞ்சும் சொல், தனக்கு வேண்டிய சொல்லாகத்தான் இருக்கவேண்டும் என்று சிறுவன் எண்ணினான். பொருள் என்ன? யாரைக் கேட்பது? கேட்டால் முதுகுத் தோல் உரியும். ஆகவேதான் அகராதியை நாடினான்.

அகராதி என்ன சொல்லிற்று? ஒழிப்பு என்றால் ஒழிக்கும் செயல் என்று சொல்லிற்று!

அவ்வளவுதான். எதை ஒழிப்பது என்று சொல்லவில்லை. சிறுவன் திகைத்தான். பின்னர் ஒரு நாள் அவன் கையிலே செய்தித்தாள் ஒன்று கிடைத்தது. தலைநகர் வாஷிங்டன் அமைந்துள்ள கொலம்பியா வட்டாரத்திலே அடிமை முறையை ஒழிக்கவேண்டும் என்று வடக்கு மாநிலத்து மக்கள் கையெழுத்திட்டு, நாட்டின் சட்டசபைக்கு விண்ணப்பம் அனுப்பியிருக்கின்றனர் என்ற செய்தி அதிலே இருந்தது. அப்போதுதான் விளங்கிற்று. அகராதி சொல்லாத பொருளைச் செய்தித்தாள் சொல்லிற்று!

1838-ஆம் ஆண்டு மாலுமி வேடத்திலே தப்பி, வடக்கே சென்று, பேச்சாளராக, ஏட்டாசிரியராக, அடிமைத்தளையை அறுக்கும் வாளாக விளங்கிய பிரெடரிக் டக்ளஸ்தான் அந்தச் சிறுவன். 1845-இல் தாமே எழுதிய வாழ்க்கை வரலாற்றிலே இதைக் கூறியிருக்கிறார்.

தோழர்களே! 'ஒழிக' என்ற சொல் நமக்குப் புதிதல்ல. ஊர்வலத்திலே முழங்குகிறோம், சுவரிலே கரிக்கட்டியால் எழுதுகிறோம், தொண்டை கட்டும் வரையில் கூவுகிறோம். ஆனால், 'ஒழித்துவிட்டோம்' என்று ஆள்பவர் வந்து சொல்லும்போது, அது மெய்தானா என்று உரசிப் பார்க்கும் உரைகல் நம்மிடம் இருக்கிறதா?

தமிழிலே இந்தச் சொல்லின் பக்கத்து வீட்டிலேயே ஓர் ஆபத்துக் குடியிருக்கிறது. ழகரத்தை ளகரமாக்கினால் ஒழித்தல், ஒளித்தல் ஆகிவிடும். ஒழித்தல் என்றால் இல்லாமற் செய்வது. ஒளித்தல் என்றால் இருப்பதை மறைத்து வைப்பது. நாக்குச் சற்றே புரண்டால் போதும், பொருள் தலைகீழ்! நாடாண்டவர்கள் பலருக்கு நாக்குப் புரளவில்லை, நாணயம் புரண்டது. ஒழித்தோம் என்று முரசறைந்தனர். உள்ளே ஒளித்து வைத்தனர்.

எது ஒழிப்பு, எது ஒளிப்பு என்று கண்டுகொள்ள நான்கு கேள்விகள் போதும் என்கிறோம். எதை ஒழித்தீர்? எப்போது ஒழித்தீர்? ஈடு யாருக்குக் கொடுத்தீர்? ஒழித்தது எந்தப் பெயரிலே திரும்பி வந்தது? இந்த நான்கையும் உலக வரலாற்றின் முன்னே நிறுத்திக் கேட்டுப் பார்ப்போம்.

எதை ஒழித்தீர்?

1787-ஆம் ஆண்டு மே திங்கள் 22-ஆம் நாள். லண்டனிலே ஓர் அச்சகத்தில் பன்னிரண்டு பேர் கூடினர். ஒன்பது பேர் குவேக்கர்கள் என்னும் சமயப் பிரிவினர். கூடிக் கழகம் கண்டனர். கழகத்தின் பெயரை ஊன்றிக் கவனிக்கவேண்டும்: 'அடிமை வாணிபத்தை ஒழிப்பதற்கான கழகம்.' அடிமை வாணிபத்தை! அடிமை முறையை அல்ல.

நல்லவர்கள்தான், உழைப்பாளிகள்தான். தாமஸ் கிளார்க்சன் என்பவர் குதிரைமீதேறி ஊர் ஊராகச் சென்றார். பிரிஸ்டல், லிவர்பூல் துறைமுகங்களிலே மாலுமிகளைக் கண்டு சாட்சியம் திரட்டினார். விலங்குகளையும் விரல் நெரிக்கும் கருவிகளையும் வாங்கிவந்து மக்களுக்குக் காட்டினார். 'புரூக்ஸ்' என்ற கப்பலிலே மனிதரை மத்தி மீனைப்போல் அடுக்கி ஏற்றும் படத்தை 1788-இல் அச்சிட்டு நாடெங்கும் பரப்பினர். அடிமையாக இருந்து மீண்ட ஒலாடா எக்வியானோ 1789-இல் தம் வரலாற்றை வெளியிட்டார். மாஞ்செஸ்டர் நகரிலே பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பத்தில் கையெழுத்திட்டனர். 1791-ஐ ஒட்டி, அடிமையின் இரத்தம் கலந்த சர்க்கரை எங்களுக்கு வேண்டாம் என்று ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் சர்க்கரையை நிறுத்தினர் என்று கிளார்க்சன் கணக்கிட்டார். அவர்களிலே பலர் வாக்குரிமை இல்லாதவர்கள். அடுப்படியில் நின்ற பெண்கள்.

பயன்? 1807-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் நாள் சட்டம் பிறந்தது. பிரிட்டிஷ் கப்பலிலே இனி அடிமை ஏற்றக்கூடாது. கீர்த்திமிக்க சட்டம்தான். ஆனால், மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புக் காட்டிலே ஏற்கனவே நின்றுகொண்டிருந்த அடிமை என்ன ஆனான்? அடிமையாகவே நின்றான். அவன் மனைவி? அடிமை. அவளுக்குப் பிறந்த குழந்தை? பிறக்கும்போதே அடிமை! சந்தையைப் பூட்டினார்கள், தொழுவத்தைத் திறக்கவில்லை. ஆயினும் சட்டத்தின் பெயரிலே 'ஒழிப்பு' என்ற சொல் கம்பீரமாக வீற்றிருந்தது.

எப்போது ஒழித்தீர்?

அந்தச் சட்டமே பதினைந்து ஆண்டுக்கு முன் வந்திருக்கவேண்டும். 1791-இல் வில்பர்போர்ஸ் கொண்டுவந்த மசோதா 163-க்கு 88 என்ற வாக்கிலே தோற்றது. 1792-இல் மீண்டும் கொண்டுவந்தார். அப்போது ஹென்றி டண்டாஸ் என்ற அமைச்சர் எழுந்தார். எதிர்க்கவில்லை! ஒரே ஒரு சொல்லைச் சேர்க்கலாமே என்றார். 'படிப்படியாக' என்பது அந்தச் சொல். அடிமை வாணிபத்தைப் படிப்படியாக ஒழிக்கலாம்! சபை 230-க்கு 85 என்ற கணக்கில் ஏற்றுக்கொண்டது. பிரபுக்கள் சபை கிடப்பிலே போட்டது. ஒரே ஒரு சொல் பதினைந்து ஆண்டுகளை விழுங்கிற்று. ஆண்டுதோறும் பல்லாயிரம் ஆப்பிரிக்கர் பிரிட்டிஷ் கப்பலின் அடித்தட்டிலே அள்ளி அடைக்கப்பட்டனர் — படிப்படியாக!

தீயை யாரும் படிப்படியாக அணைப்பதில்லை. கழுத்தை நெரிக்கும் கையை யாரும் படிப்படியாக எடு என்று கேட்பதில்லை. 1824-இல் எலிசபெத் ஹெயிரிக் என்ற ஆங்கில மாது ஒரு துண்டு நூல் எழுதினார்: படிப்படியாக வேண்டாம், உடனே வேண்டும் என்பதே அதன் தலைப்பின் சாரம். பெரிய மனிதர்கள் முகம் சுளித்தனர். பெண்கள் சங்கங்கள் அதைக் கையிலெடுத்தன. இறுதியில் பெரிய மனிதர்களே அதன் பின்னால் வரவேண்டியதாயிற்று.

அடிமைகளும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கவில்லை. 1831-ஆம் ஆண்டுக் கடைசியில் ஜமைக்காத் தீவிலே சாம் ஷார்ப் என்ற அடிமைப் போதகர், கூலி கொடுத்தாலன்றி வேலைக்குப் போவதில்லை என்று தோழர்களைத் திரட்டினார். வேலை நிறுத்தம் கிளர்ச்சியாயிற்று. அறுபதாயிரம் பேர்வரை எழுந்தனர் என்பர். 1832 மே திங்களில் ஷார்ப் தூக்கிலேற்றப்பட்டார். அடுத்த ஆண்டே லண்டன் பார்லிமெண்டு சட்டமியற்றிற்று. பார்லிமெண்டின் மனச்சாட்சியைத் தட்டி எழுப்பியதிலே தூக்குக் கயிற்றுக்கும் பங்குண்டு.

அமெரிக்காவிலே, உடனே ஒழி என்று 1831 முதல் தம் ஏட்டிலே எழுதிய வில்லியம் லாயிட் காரிசனை, 1835-இல் பாஸ்டன் நகரத்துக் கும்பல் கயிற்றால் கட்டி இழுத்துச் சென்றது. இல்லினாய் மாநிலத்திலே எலைஜா லவ்ஜாய் என்ற ஏட்டாசிரியரின் அச்சு யந்திரங்களை அடுத்தடுத்து அழித்தார்கள். அவர் மறுபடியும் யந்திரம் வரவழைத்தார். 1837 நவம்பரில் அதைக் காத்து நிற்கையிலே சுட்டுக் கொன்றார்கள். சட்டசபை என்ன செய்தது? அடிமை ஒழிப்பைப் பற்றிய விண்ணப்பம் எதையும் எடுத்துக்கொள்வதில்லை என்று பிரதிநிதிகள் சபை 1836-இல் விதி செய்தது. சிறுவன் டக்ளஸ் செய்தித்தாளிலே படித்தானே, அதே வகை விண்ணப்பங்களுக்குத்தான் வாய்ப்பூட்டு! முன்னாள் ஜனாதிபதி ஜான் குவின்சி ஆடம்ஸ் முதிய வயதிலே தனி உறுப்பினராக நின்று போராடி, 1844-இல்தான் அந்தப் பூட்டை உடைக்க முடிந்தது.

ஈடு யாருக்குக் கொடுத்தீர்?

மூன்றாவது கேள்விக்கு வருவோம். உழைப்பவர் உற்றுக் கேட்கவேண்டிய கேள்வி இது.

1833-ஆம் ஆண்டின் அடிமை ஒழிப்புச் சட்டம் 1834 ஆகஸ்டு முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. எட்டு இலட்சம் பேருக்கு மேல் விடுதலை என்றனர். அதே சட்டம் 2 கோடி பவுன் இழப்பீட்டுக்கும் வழி செய்தது; அன்றைய அரசின் ஓராண்டுச் செலவில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு! யாருக்கு இழப்பீடு? சவுக்கடி பட்டவனுக்கா? பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கா? இல்லை. எசமானனுக்கு! சொத்தை இழந்தானாம், பாவம். அடிபட்டவனுக்குக் கையளவு நிலமும் இல்லை, காலணாக் காசும் இல்லை. அந்தப் பணத்துக்காக வாங்கிய கடனின் மிச்சம் 2015-ஆம் ஆண்டிலேதான் தீர்ந்தது என்று பிரிட்டிஷ் நிதித்துறையே 2018-இல் தெரிவித்தது. அதன் பொருள் விளங்குகிறதா? அடிமைகளின் வழிவந்து பிரிட்டனிலே பாடுபடும் மக்களும் தம் வரிப்பணத்திலிருந்து, தம் பாட்டனை அடித்தவனுக்குக் கொடுத்த ஈட்டுக்கான கடனை அடைத்திருக்கின்றனர்!

பிரான்சின் கதை இதனினும் கொடிது. அதன் ஆட்சியிலிருந்த ஹெயிட்டித் தீவிலே 1791 ஆகஸ்டில் அடிமைகள் ஆயுதம் ஏந்தினர். போரிட்டு வென்று 1804 சனவரி முதல் நாள் தனி நாடு கண்டனர். 1825-இல் பிரெஞ்சு மன்னன் பத்தாம் சார்லஸ் போர்க்கப்பல்களை அனுப்பிக் கேட்டான்: 15 கோடி பிராங்கு கொடு, பிறகு உன்னை நாடென்று ஒப்புக்கொள்கிறேன். 1838-இல் அது 9 கோடியாகக் குறைக்கப்பட்டது. விடுதலை பெற்ற அடிமை, தன்னைத் தானே விலை கொடுத்து வாங்கவேண்டும்! அதைக் கட்டுவதற்கு வாங்கிய கடன் அந்த நாட்டின் முதுகை முறித்தது.

கொலம்பியா வட்டாரத்திலே? 1862 ஏப்ரல் 16-ஆம் நாள் அங்கே அடிமை முறை ஒழிந்தது. சிறுவன் பார்த்த செய்திக்கும் அந்த நாளுக்கும் இடையே முப்பதாண்டு இடைவெளி. அங்கும் ஒரு தலைக்கு 300 டாலர்வரை எசமானனுக்கே கொடுத்தனர்.

ஈடு கேட்ட எசமானர்களைப் பார்த்தோம். ஈடு கேளாத எளியவர்களையும் பார்க்கவேண்டும். அமெரிக்க உள்நாட்டுப் போரிலே தெற்குத் துறைமுகங்களை வடக்கு முற்றுகையிட்டதால், அடிமைகள் விளைத்த பருத்தி இங்கிலாந்துக்கு வருவது நின்றது. லங்காஷயர் நூற்பாலைகள் மூடப்பட்டன. வேலையில்லை, கூலியில்லை, அடுப்பெரியவில்லை. முற்றுகையை உடையுங்கள் என்று கேட்க அந்தத் தொழிலாளருக்குக் காரணம் இருந்தது. அப்படிக் கேட்டவர்களும் இருந்தார்கள். ஆனால், 1862 டிசம்பர் 31-ஆம் நாள் மாஞ்செஸ்டர் நகரிலே கூடிய தொழிலாளர் கூட்டம், அடிமை ஒழிப்புப் பக்கமே நாங்கள் நிற்கிறோம் என்று லிங்கனுக்கு எழுதிற்று. 1863 சனவரி 19-ஆம் நாள் லிங்கன் நன்றி கூறிப் பதில் எழுதினார். பிரபுக்களுக்கு 2 கோடி பவுன் தேவைப்பட்டது. பசித்த தொழிலாளிக்கு ஒரு காசும் தேவைப்படவில்லை. ஒழிப்பு என்ற சொல்லுக்கு மெய்ப்பொருள் அறிந்தவர்கள் அந்த ஆலைத் தொழிலாளர்கள்!

எந்தப் பெயரிலே திரும்பி வந்தது?

பாம்பு சட்டையை உரித்தால் செத்துப்போயிற்று என்று யாரும் கொண்டாடுவதில்லை.

1834-இல் 'விடுதலை' பெற்ற அடிமைக்குப் பிரிட்டிஷ் சட்டம் சூட்டிய புதுப் பெயர், 'தொழில் பழகுபவர்'! தலைமுறை தலைமுறையாகக் கரும்பு வெட்டியவன், கரும்பு வெட்டப் பழகவேண்டுமாம். ஆறாண்டுவரை, வாரத்தில் 45 மணி நேரம்வரை, கூலியின்றி, அதே எசமானிடம்! மறுத்தவனுக்கு மிதிசக்கரத் தண்டனை. கண்டனம் வலுத்து, 1838 ஆகஸ்டு முதல் நாள் அதையும் கைவிட்டனர்.

பிரான்சு 1794 பிப்ரவரியில் அடிமை முறையை ஒழித்தது. 1802-இல் நெப்போலியன் அதை மறுபடியும் நிலைநாட்டினான். 1848-இல் மீண்டும் ஒழிக்கவேண்டியதாயிற்று. ஒரே நாடு, ஒரே கொடுமை, இரண்டு ஒழிப்பு!

அமெரிக்காவிலே, 1865 டிசம்பர் 6-ஆம் நாள் உறுதிபெற்ற அரசியல் சட்டத்தின் பதின்மூன்றாவது திருத்தம், அடிமை முறை இருக்கலாகாது என்று விதித்தது. ஆனால் நடுவிலே ஒரு சிறு சன்னலைத் திறந்து வைத்தது: குற்றத்துக்குத் தண்டனையாக என்றால் விலக்கு! தெற்கு மாநிலங்கள் அந்தச் சன்னல் வழியே தேரையே ஓட்டிச் சென்றன. வேலையின்றித் திரிவது குற்றம் என்று சட்டம் செய்தன, விடுதலை பெற்றவனைப் பிடித்தன, அபராதம் விதித்தன, கட்ட முடியாதவனைத் தோட்டக்காரனுக்கும் சுரங்கக்காரனுக்கும் வாடகைக்கு விட்டன. கைதிகளை வாடகைக்கு விடும் இந்த முறையை அலபாமா மாநிலம் கைவிட்டது 1928-இல்தான்! அந்தச் சன்னலை அடைக்கும் வேலை இன்னும் நடக்கிறது. கொலராடோ மாநிலம் 2018-இல் தன் அரசியல் சட்டத்திலிருந்து அந்த விலக்கை நீக்கிற்று. கலிபோர்னியாவிலோ, அதே நோக்கம் கொண்ட திருத்தத்தை 2024-இல் வாக்காளர்கள் தோற்கடித்தனர்.

இவையெல்லாம் வரும் என்று முன்கூட்டியே சொன்னவர் யார் தெரியுமா? அகராதியிலே பொருள் தேடிய அதே பிரெடரிக் டக்ளஸ்தான்!

1865 மே திங்கள். போர் முடிந்துவிட்டது. வேலை முடிந்தது, சங்கத்தைக் கலைத்துவிடலாம் என்றார் காரிசன். கயிற்றால் இழுபட்ட தியாகிதான், ஆயினும் களைத்துவிட்டார். டக்ளஸ் எழுந்து மறுத்தார். கறுப்பு மனிதன் கையிலே வாக்குச் சீட்டு வரும் வரையில் அடிமை முறை ஒழிந்ததாகாது என்றார். அந்தக் கொடுமைக்குப் பல பெயர்கள் உண்டு, இன்னொரு பெயரிலே வரும், பழைய பாம்பு என்ன புதிய தோலிலே வருகிறது என்று விழித்திருந்து பார்க்கவேண்டும் என்று எச்சரித்தார். சங்கத்தார் கலைக்க மறுத்துவிட்டனர். வாக்குரிமை வழங்கும் பதினைந்தாவது திருத்தம் 1870-இல் வந்த பிறகே கலைந்தனர். அந்த வாக்குரிமையையும் தெற்கத்தியர் தலைவரி என்றும் எழுத்துத் தேர்வு என்றும் சொல்லிப் பறித்தனர். அதை மீட்க 1965-ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் வரையில் இன்னொரு நூறாண்டுப் போராட்டம் நடந்தது.

நம் நாட்டுக் கணக்கு

இவையெல்லாம் கடல் கடந்த கதைகள்தானே என்று யாரும் எண்ணவேண்டாம். 1833-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கடைசிப் பகுதியிலே ஒரு பிரிவு இருக்கிறது. இந்தச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிக்கும், இலங்கைக்கும், செயிண்ட் ஹெலினாத் தீவுக்கும் செல்லாது என்கிறது அது! உலகெங்கும் கொண்டாடப்பட்ட ஒழிப்பிலே நம் பாட்டன் பெயர் அடிக்கப்பட்டிருந்தது.

1843-இல் நமக்கென ஒரு சட்டம் வந்தது. அடிமையின்மீது கொண்ட உரிமையை நீதிமன்றம் இனி ஏற்காது என்றது. அடிமை வைத்திருப்பது குற்றம் என்று சொல்லவில்லை. அடிமையாக வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கியது 1860-இல் இயற்றிய தண்டனைச் சட்டம்தான். கச்சேரிக் கணக்கிலிருந்து 'அடிமை' என்ற சொல் போயிற்று. வயலிலே 'பண்ணையாள்' என்ற சொல் நின்றது. தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த ஆண்டு 1952. நூற்றொன்பது ஆண்டு கழித்து!

தோட்டங்களிலே அடிமைகள் போன இடத்துக்கு யார் போனார்கள்? ஒப்பந்தக் கூலியாக நம்மவர் போனார்கள். 1860-இல் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிச் சென்று, தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரையிலே இறக்கிற்று. கரும்புக் காடு அதே காடு. சட்டை மட்டும் புதிது. அந்த ஒப்பந்த முறையை ஒழிக்கவும் தனியாக ஒரு போராட்டம் தேவைப்பட்டது. 1917-இல் ஆள் ஏற்றுவது நின்றது. பிஜித் தீவிலே எஞ்சியிருந்த ஒப்பந்தங்கள் 1920 சனவரி முதல் நாள் ரத்தாயின.

நம் அரசியல் சட்டத்திலும் ஒழிப்பு என்ற சொல் உண்டு. தீண்டாமை ஒழிக்கப்பட்டது, எந்த வடிவிலும் அதைக் கடைப்பிடிக்கலாகாது என்கிறது பதினேழாவது பிரிவு. 1948 நவம்பர் 29-ஆம் நாள் அரசியல் நிர்ணய சபை ஏற்ற பிரிவு அது. 'எந்த வடிவிலும்' என்ற சொல்லைக் கவனித்தீர்களா? பாம்பின் தோலை அறிந்தவர்கள் எழுதிய சொல்! ஆனால் 1950-க்குப் பிறகும் தேநீர்க் கடையிலே இரட்டைக் குவளை தொங்கிற்று. சுடுகாட்டுப் பாதை இரண்டாகவே கிடந்தது. சட்டப் புத்தகத்திலே ழகரம், தெருவிலே ளகரம்!

1970-இல் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் இயற்றியபோது அதன் பெயரிலேயே இரண்டு சொற்களை வைத்தார்கள்: ஒழுங்குபடுத்தலும் ஒழித்தலும்! ஒழிக்கப் போவதை எதற்கு ஒழுங்குபடுத்துவது? ஒழுங்குபடுத்தி வைத்துக்கொள்வதை எப்போது ஒழிப்பது? ஆலை வாசலிலே நிற்கும் தொழிலாளி, இரண்டிலே எது நடந்தது என்பதைத் தன் சம்பளச் சீட்டைப் பார்த்துச் சொல்லிவிடுவான்.

1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தை நாம் பாராட்டவேண்டும். மூன்றாவது கேள்விக்கு அது சரியான விடையைச் சொல்லிற்று. கொத்தடிமையின் கடன் செத்தது, இனி யாரும் கேட்க முடியாது என்றது. எசமானனுக்கு ஈடில்லை! லண்டன் பார்லிமெண்டுக்கு வராத துணிவு அது. ஆனால் நான்காவது கேள்வி நிற்கிறது. அந்தச் சட்டம் வந்த பிறகும் செங்கல் சூளையிலிருந்தும் அரிசி ஆலையிலிருந்தும் குடும்பம் குடும்பமாக மீட்கப்பட்டனரே, அவர்களைக் கட்டிய கயிற்றின் பெயர் என்ன? 'முன்பணம்!' கடன் என்றால் சட்டம் பிடிக்கும். முன்பணம் என்றால் கேட்பார் யார்?

இதனால் சட்டம் வீண் என்று சொல்ல வரவில்லை. சட்டம் இல்லாவிட்டால் கேட்கும் உரிமையே இல்லை. 1807 இல்லாமல் 1833 இல்லை. ஆனால் சட்டம் வந்த நாள், போராட்டம் முடிந்த நாளல்ல. போராட்டத்துக்கு ஆயுதம் கிடைத்த நாள். ஆயுதத்தை மாலை போட்டு மாடத்திலே வைத்துவிட்டு உறங்கப் போனவர்களை, பழைய பாம்பு புதுச் சட்டையோடு வந்து கடித்திருக்கிறது. விழித்திருந்தவர்களே தப்பினர்.

ஆகவே, தோழர்களே, 'ஒழித்துவிட்டோம்' என்று யார் மேடையேறிச் சொன்னாலும், வேண்டியவர் சொன்னாலும், வேண்டாதவர் சொன்னாலும், கைதட்டுமுன் நான்கு கேள்விகளையும் கேட்போம். கேட்டுவிட்டு வெளியே வந்து, சட்டத்தால் விடுதலை பெற்றான் என்று சொல்லப்பட்டவனின் குடிசைக்குப் போவோம். அவன் அடுப்பிலே என்ன இருக்கிறது, அவன் பிள்ளை எந்தப் பள்ளியிலே இருக்கிறது, பிடிக்காத வேலையை விட்டுவிட்டு அவனால் நாளைக் காலையிலே வெளியேற முடியுமா என்று பார்ப்போம். முடியும் என்றால் ஒழித்தார்கள். முடியாது என்றால் ஒளித்தார்கள்.

அந்தக் கறுப்புச் சிறுவன் தேடிய பொருள் அகராதியிலே இல்லை. அந்தக் குடிசையிலே இருக்கிறது.